நாயின் கண் சிவந்தால் இமையைப் பாருங்கள்: வீட்டுச் சோதனை முதல் தையல் பிரிக்கும் நாள் வரை

எங்கள் நாய் மிளகுக்கு அப்போது எட்டு மாதம். பீகிள் வகை. ஒருநாள் காலையில் எழுந்து வந்தபோது இடது கண்ணின் மூக்கோரத்தில் சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பாக ஏதோ பிதுங்கி நின்றது. வலி இருப்பதாகத் தெரியவில்லை. ஓடினாள், சாப்பிட்டாள், வழக்கம்போல் என் செருப்பைக் கடித்தாள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினேன். "சின்னச் சதைதான் மேடம், வெட்டிட்டா சரியாப் போயிடும்" என்றார்கள். வெட்டியும் விட்டார்கள். சாயங்காலமே கண் பழையபடி அழகாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து வலது கண்ணிலும் அதே சிவப்பு உருண்டை. இந்த முறை வேறொரு டாக்டர், வயதானவர். இடது கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஏம்மா, இதை வெட்டிட்டாங்களா? இது சதை இல்லம்மா. கண்ணீர் சுரக்கிற சுரப்பி" என்றார். வலது கண் சுரப்பியை அவர் வெட்டவில்லை, உள்ளே தள்ளித் தைத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் வித்தியாசம் தெரிந்தது. வலது கண் கடைசி வரை பளிச்சென்று இருந்தது. இடது கண் காய்ந்து, பசை மாதிரிப் பீளை கட்டி, அவள் இருந்த வரைக்கும் காலையும் மாலையும் மருந்து போட வேண்டியதாயிற்று. ஒரே நாய், ஒரே நோய், இரண்டு விதமான ஆபரேஷன்.

நான் டாக்டர் இல்லை. மிளகுக்கு இரண்டு, பிறகு வந்த, உருண்டை என்று பெயர் வைத்த பக் நாய்க்கு ஒன்று என மூன்று கண் ஆபரேஷன்களுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவள். அப்போது கேட்டது, கற்றுக்கொண்டது, தப்புச் செய்து தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். என்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. அவரிடம் என்ன கேட்பது, எவ்வளவு சீக்கிரம் போவது என்பது நம் வேலை.

முதலில், கண் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நமக்கு இரண்டு இமை. நாய்க்கு மூன்று. மூன்றாவது இமை மூக்கோரத்தில் கீழே மடிந்து கிடக்கும். நாய் தூங்கி விழிக்கும்போது வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு திரை பாதிக் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதன் அடிவாரத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. கண்ணீரின் தண்ணீர்ப் பகுதியில் மூன்றில் ஒரு பங்காவது, சில நாய்களில் பாதி வரைக்கும், அதிலிருந்துதான் வருகிறது.

கண்ணின் முன்புறம் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்தான் கார்னியா. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஐந்தை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவுதான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஈரம், ஆக்ஸிஜன், கிருமியிடமிருந்து காவல் என்று எல்லாவற்றுக்கும் அது கண்ணீரையே நம்பியிருக்கிறது. கண்ணீரை எடுத்து வழித்துப் பூசுகிற வேலை இமையுடையது. அதனால் இமை கோணினாலோ, இமை மயிர் உள்ளே திரும்பினாலோ, கண்ணீர் வற்றினாலோ அடி விழுவது அந்த ஐந்து தாளின்மேல்தான். நான் பார்த்த வரையில், "கண்ணில் புண்" என்று தூக்கிக்கொண்டு வருகிற நாய்களில் நிறையப் பேருக்குக் கோளாறு இமையில் இருக்கிறது. புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் புண் ஆறும், மறுபடி வரும்.

படி 1: ஜன்னலோரத்தில் ஐந்து நிமிடம்

டார்ச் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும். நாயை உட்கார வைத்து நேர் எதிரே உட்காருங்கள். இமையை உடனே விரிக்காதீர்கள். தொட்டதும் கண்ணை இடுக்கிக்கொள்ளும், பிறகு எது இயல்பு எது இல்லை என்று தெரியாது. முதலில் தொடாமல் பாருங்கள்.

கீழ் இமையின் விளிம்பு மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். இமை உள்ளே மடிந்திருந்தால் அந்தக் கோடு காணாமல் போயிருக்கும். மயிரடர்ந்த தோல் நேராகக் கண்ணில் போய் முட்டும், அந்த இடத்து மயிர் எப்போதும் நனைந்து ஒட்டிக் கிடக்கும். உருண்டைக்கு நான் இதைத்தான் ஆறு மாதம் கவனிக்கவில்லை. "பக்குன்னா கண்ணில் தண்ணி வரத்தான் செய்யும்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் வந்த பிறகு ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அந்தப் பிதுங்கிய கண்ணுக்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று விற்றவர் யாரும் சொல்லவில்லை.

அடுத்து இரண்டு கண்ணையும் ஒப்பிடுங்கள். ஒன்று சின்னதாக இடுங்கியிருக்கிறதா? கண் பாப்பா இரண்டும் ஒரே அளவா? ஒன்றில் மட்டும் நீலப் பால் கலந்த மாதிரி மங்கலா? பீளை எந்த மாதிரி என்பதும் முக்கியம். தெளிந்த தண்ணீர் என்றால் உறுத்தல் இருக்கலாம். மஞ்சள், பச்சை என்றால் கிருமி இருக்கலாம். கயிறு மாதிரி நீளும் பசைப் பீளையோடு கார்னியா மினுமினுப்பில்லாமல் காய்ந்து தெரிந்தால், கண்ணீர் வற்றுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். முகத்தை சோபாவில் தேய்ப்பதும், முன்னங்காலால் துடைப்பதும், வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் வலியின் அடையாளம். கண் வலிக்கு நாய் பெரும்பாலும் அழாது, கத்தாது. சோர்ந்து படுக்கும், அவ்வளவுதான்.

போனில் இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை டாக்டர் அதில் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்.

படி 2: எதற்கு நாளை வரை காத்திருக்கக் கூடாது

கண் குழியைவிட்டு வெளியே வந்துவிட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பக், ஷீ ட்சூ, பெக்கினீஸ் மாதிரி தட்டை முகக்காரர்களுக்குக் கண்குழி ஆழமில்லை. பெரிய நாய் கழுத்தைக் கவ்வி உலுக்கினாலே போதும், சில சமயம் பிடரியை இறுக்கிப் பிடித்தாலேகூட வந்துவிடும். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்து விழிமேல் போட்டு, காயாமல் நனைத்துக்கொண்டே போங்கள். காலால் கீறிவிடாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். மயக்கம் கொடுத்து விழியை உள்ளே வைத்து, இமைகளைத் தற்காலிகமாகத் தைத்து இரண்டு மூன்று வாரம் மூடி வைப்பார்கள். பார்வை திரும்புவது பெரும்பாலும் அரிது. சீக்கிரம் போனால் விழியையாவது காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது.

கண் திடீரென்று சிவந்து, மங்கலாகி, பாப்பா விரிந்து நின்றுவிட்டால் உள் அழுத்தம் ஏறியிருக்கலாம். இது கிளாகோமா. பார்வை நரம்பு சாக வாரக்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு போதும். கார்னியாவில் பள்ளம், ஓட்டை, ஜெல்லி மாதிரிக் கரைந்த பகுதி, திடீர்க் குருட்டுத்தனம், கண்ணுக்குள் ரத்தம் ஆகியவற்றுக்கும் அன்றே போக வேண்டும். பூனை கீறிய குட்டிக்கும் அப்படித்தான். வெளியே ஒரு கோடுதான் தெரியும், நகம் உள்ளே லென்ஸ் வரை போயிருக்கும்.

சுண்ணாம்பு, ஃபினாயில், ஆசிட், எருக்கம்பால் எதுவாவது பட்டுவிட்டால் டாக்டரைத் தேடுவதற்கு முன் தண்ணீர். குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள், பிறகு கிளம்புங்கள்.

படி 3: அலமாரியில் இருக்கும் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள்

உருண்டையைக் கூட்டிப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல இருந்த சொட்டு மருந்து ஏதாவது போட்டீங்களாம்மா?" என்பதுதான். போட்டிருந்தேன். என் கணவருக்குக் கண் வந்தபோது வாங்கியது. டெக்ஸாமெத்தசோன் கலந்த மருந்து.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பை உடனே குறைக்கும். அதனால்தான் அது மோசம். கார்னியாவில் புண் இருக்கும்போது போட்டால் புண் ஆறுவது நின்றுபோகும், கிருமிக்குக் கொண்டாட்டம். டப்பாவில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டெப்ரெட்னால் என்று எது இருந்தாலும், டாக்டர் சாயம் போட்டுப் பார்த்து (படி 4-ல் சொல்கிறேன்) புண் இல்லை என்று சொல்லும் வரை வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். எங்கள் பாட்டி உயிரோடிருந்தால் இந்த வரிக்காக என்னை வைதிருப்பார். ஆனாலும் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் சொட்டை வீட்டில் போடுவதும் தப்பு, அது கார்னியாவின் மேல் தோலையே ஆறவிடாது. வலிக்கிறதே என்று நம் இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கொடுத்தால் கண்ணோடு நிற்காது, வயிறும் சிறுநீரகமும் போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடியது மூன்றே மூன்று. காய்ச்சி ஆற வைத்த நீரிலோ சலைனிலோ பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைப்பது, கழுத்துக்கு கோன் காலர் (கண்ணைக் கீறாமல் முகத்தைச் சுற்றி நிற்கும் கூம்பு) மாட்டுவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது.

படி 4: மேசைமேல் மூன்று சோதனை

கண் நோய்க்குப் போய், டார்ச் அடித்து மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதினால், "டாக்டர், சாயம் போட்டுப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முதலாவது ஷிர்மர் சோதனை. ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் செருகி ஒரு நிமிடம் விடுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்பதுதான் கணக்கு. 15-க்கு மேல் என்றால் நன்று. 10-க்குக் கீழே என்றால் வறட்சியைச் சந்தேகிக்க வேண்டும். 5-க்குக் கீழ் என்றால் கடுமையான வறட்சி. மிளகுக்கு வலது கண்ணில் 19, இடது கண்ணில் 4. அந்தக் காகிதம் நனையாமல் நின்ற காட்சி இன்னும் என் நினைவிலேயே இருக்கிறது. வேறு எந்தச் சொட்டும் விடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.

இரண்டாவது ஃப்ளோரசீன் சாயம். ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டுக் கழுவி நீல விளக்கில் பார்ப்பார்கள். மேல் தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். உருண்டையின் கண்ணில் கீழ் ஓரத்தில் பிறைநிலா மாதிரி ஒரு பச்சைக்கோடு தெரிந்தது. சரியாக இமை மயிர் உரசுகிற இடம். டாக்டர் ஒன்றும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. புண் மிக ஆழமாகிக் கடைசிச் சவ்வு வரைக்கும் போய்விட்டால் நடுவில் சாயம் பிடிக்காது, சுற்றிலும் மட்டும் பிடிக்கும். நடுவில் பச்சை இல்லையே என்று நிம்மதியடைய வேண்டாம். எந்த நேரமும் ஓட்டை விழலாம் என்று அர்த்தம்.

மூன்றாவது கண் அழுத்தம். நாய்க்குத் தோராயமாக 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரைக்கும் இயல்பு. சிவந்த கண் எல்லாவற்றுக்கும் இதைப் பார்ப்பது நல்லது. அழுத்தமானி எல்லா கிளினிக்கிலும் இருக்காது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இதற்காகவே பலர் வருகிறார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் அங்கே விசாரியுங்கள். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், பொறுமை தேவை.

படி 5: எந்தக் கோளாறுக்கு எந்த ஆபரேஷன்

*இமை உள்மடிப்பு.* டாக்டர்கள் என்ட்ரோபியன் என்பார்கள். ஷார் பெய், சௌ சௌ, புல்டாக், ராட்வெய்லர், லாப்ரடார், மாஸ்டிஃப் வகைகளில் அதிகம். பக்குக்கு மூக்கோரத்துக் கீழ் இமையில் வரும். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு முகத்தோல் ஒட்டி இறுகியிருப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலியாலும் நாய் கண்ணை இடுக்கும், இடுக்கினாலும் இமை உள்ளே மடியும். அதனால் மரத்துப்போகும் சொட்டை விட்டுப் பார்ப்பார்கள். வலி போனதும் இமை வெளியே வந்துவிட்டால் அந்த மடிப்பு வலியால் வந்தது. வராமல் மிச்சம் நிற்பதுதான் பிறவிக் கோளாறு. எவ்வளவு தோலை எடுப்பது என்பதை அந்த மிச்சத்தை வைத்து, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அளந்துகொள்வார்கள். மயக்கத்தில் தசை தளர்ந்துவிடும், அளவு தப்பிவிடும்.

குட்டியாக இருந்தால் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. முகம் வளர வளர இமை தானாகச் சரியாகலாம். அதுவரைக்கும் இமைக்குக் கீழே தோலைக் கொசுவி இரண்டு மூன்று தற்காலிகத் தையல் போட்டு, இமையை வெளிப்பக்கம் இழுத்து வைப்பார்கள். ஷார் பெய் குட்டிகளுக்குக் கண் திறந்த சில நாட்களிலேயே இதைச் செய்ய வேண்டியிருக்கும். நிரந்தர ஆபரேஷனை முகம் வளர்ந்து முடிந்தபின், ஏறக்குறைய ஒரு வயதுக்கு மேல் செய்வது நல்லது.

அந்த நிரந்தர ஆபரேஷனுக்கு ஹாட்ஸ்-செல்சஸ் என்று பெயர். இமை விளிம்பிலிருந்து இரண்டு, இரண்டரை மி.மீ. தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு கீறல். அதற்குக் கீழே பிறை வடிவில் இன்னொன்று. நடுவில் இருக்கும் தோலை எடுத்துவிட்டு, மயிரிழை நூலால் நெருக்கமாகத் தைப்பார்கள். தைக்கும்போது இமை வெளியே திரும்பும். தையல்காரர் சட்டைக் கையில் பிடிப்பு வைத்து விளிம்பை நிமிர்த்துவது போலத்தான். குறைவாக எடுத்தால் பிறகு கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், அதிகமாக எடுத்துவிட்டால் இமை தொங்கிவிடும், திருப்பி ஒட்ட முடியாது. "இன்னொரு தடவை பண்ண வேண்டி வரலாம்" என்று முன்கூட்டியே சொல்கிற டாக்டரை நான் அதிகம் நம்புவேன்.

பக் வகைக்கு இதோடு உள் மூலையையும் கொஞ்சம் தைத்துக் கண் திறப்பைச் சின்னதாக்கும் முறை உண்டு. உருண்டைக்கு அதுதான் செய்தார்கள். மூக்கோர மயிர் உரசுவது நின்றது, கண் பிதுங்கி வெளியே வரும் ஆபத்தும் குறைந்தது, பழைய முட்டைக்கண் அழகு போனது. அந்த அழகு போனதற்கு ஒருநாள் வருத்தப்பட்டேன்.

*செர்ரி கண்.* மிளகுக்கு வந்தது. மூன்றாம் இமைச் சுரப்பியைப் பிடித்து வைத்திருக்கும் திசு பலவீனமாக இருந்தால் சுரப்பி மேலே புரண்டு வரும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும். பீகிள், புல்டாக், காக்கர் ஸ்பேனியல், ஷீ ட்சூ, லாசா இவற்றில் சகஜம். ஒரு கண்ணில் வந்தால் அடுத்ததிலும் வர நிறைய வாய்ப்பு. ஆபரேஷனுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "வெட்டுவீங்களா, உள்ளே வைச்சுத் தைப்பீங்களா?"

உள்ளே வைப்பதில் பரவலான முறை பை முறை. மூன்றாம் இமையின் உட்புறத்தில் சுரப்பிக்கு மேலும் கீழும் இரண்டு வளைந்த கீறல் போட்டு, அதன் வெளி விளிம்புகளைச் சுரப்பிமேல் இழுத்துத் தைத்து ஒரு பையாக்குவார்கள். கண்ணீர் வெளியே வர இரண்டு முனையிலும் வழி விடுவார்கள். முடிச்சு விழியில் உரசாமல் இமையின் முன்பக்கம் இருக்கும்படி போடுவார்கள், நூல் தானே கரைந்துவிடும். சில நாய்களுக்குச் சுரப்பியைக் கண்குழி எலும்பின் விளிம்போடு கட்டிவைப்பதும் உண்டு. மறுபடி வெளியே வருவது நடக்கிற காரியம்தான், குறிப்பாக புல்டாக், மாஸ்டிஃபில். மறுபடி தைக்கலாம். வெட்டிவிட்டால் மறுபடி என்று ஒன்று இல்லை. சுரப்பியில் கட்டி இருந்தால் மட்டும் எடுப்பதற்கு நியாயம் உண்டு.

*இமை தொங்கல்.* செயின்ட் பெர்னார்ட், பாசெட் ஹவுண்ட். கொஞ்சமாக இருந்தால் தூசியைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே போதும், அதிகமானால் இமையில் ஆப்பு வடிவில் துண்டெடுத்துச் சுருக்குவார்கள்.

*தப்பான இடத்தில் முளைத்த இமை மயிர்.* பிடுங்கினால் சில வாரத்தில் திரும்ப வளரும். வேரை உறைய வைத்தோ மின்சாரத்தாலோ அழிக்க வேண்டும். மேல் இமையின் உட்பக்கம் ஒற்றை மயிர் முளைத்து விழியைக் குத்தும் வகை ஒன்று உண்டு. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஒரே இடத்தில் புண் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தேடச் சொல்லுங்கள்.

*இமைக் கட்டி.* வயதான நாய்க்கு இமை விளிம்பில் மரு மாதிரி வருபவை பெரும்பாலும் சாதுவானவை. ஆனால் விழியில் உரசும், ரத்தம் கசியும். இமை நீளத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துவிட்டு நேராகத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து இமை கட்ட வேண்டும். ஆகையால் மிளகு அளவில் இருக்கும்போதே எடுப்பதுதான் லாபம். எடுத்த துண்டைச் சோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

*கார்னியா புண்.* மேலோட்டமான புண் ஒரு வாரத்தில் ஆற வேண்டும். ஆறவில்லையென்றால் மருந்தை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேட வேண்டும்: மயிரா, வறட்சியா, இமைக்கடியில் புல் விதையா? பாக்ஸர் மாதிரி நாய்களுக்கும் வயதானவற்றுக்கும் புண்ணின் ஓரத்தில் தோல் ஒட்டாமல் தளர்ந்து நிற்கும் ஒரு வகை உண்டு. ஒட்டாத தோலைச் சுரண்டி எடுத்து, அடிப்பரப்பை ஊசி முனையாலோ வைரப்பொடி உருளையாலோ சொரசொரப்பாக்கினால் புதுத் தோல் பிடித்துக்கொள்ளும். ஆழமான புண்ணுக்கு வெண்விழியின் மேல் சவ்விலிருந்து ரத்த ஓட்டத்தோடு ஒரு பட்டையை எடுத்துப் புண்மேல் தைப்பார்கள். பல வாரம் கண்ணில் சிவப்பாக ஒரு பாலம் கட்டிய மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், பின்னால் அதை அறுத்துவிடுவார்கள். கரையும் புண்ணுக்கு நாயின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையே சொட்டாக ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருதரம் விடச் சொல்வார்கள். ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அலாரம் வையுங்கள். தூக்கம் போகும்தான்.

*வறண்ட கண்.* இதற்குப் பெரும்பாலும் கத்தி இல்லை. சைக்ளோஸ்போரின் 0.2 சதவீதக் களிம்போ டாக்ரோலிமஸோ ஆயுளுக்கும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், இரண்டே வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். எதற்கும் மசியாதபோது, கன்னத்து எச்சில் குழாயைத் திருப்பிக் கண்ணில் கொண்டுவந்து விடும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. அதன் பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே கண்ணில் நீர் வழியும்.

*புரை.* ஏழெட்டு வயதுக்கு மேல் கண்ணில் தெரியும் நீலச் சாம்பல் பூச்சு பெரும்பாலும் லென்ஸ் முதிர்வுதான், பார்வை பெரிதாகப் போகாது. வெள்ளையாக முற்றினால் புரை. சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரை வேகமாக வரும். மனிதருக்குச் செய்வது போலவே ஒலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அந்த லென்ஸின் சக்தி நாய்க்குச் சுமார் 41 டயாப்டர், நமக்கு வைப்பதைப் போல இரண்டு மடங்கு. முதலில் விழித்திரை உயிரோடிருக்கிறதா என்று மின்சோதனை செய்ய வேண்டும். திரையே போயிருந்தால் ஆபரேஷன் வீண் செலவு.

*கண்ணை எடுத்துவிடுவது.* அழுத்தம் ஏறிப் பார்வை போய், மருந்துக்கும் அடங்காத கிளாகோமாவுக்கும், சிதைந்த விழிக்கும் இதுதான் வழி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பார்வை போன கண்ணின் அழுத்தம், ஓயாத தலைவலி மாதிரி. எடுத்த சில நாளில் நாய் பல மாதத்துக்குப் பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அழகுக் கவலை நமக்குத்தான்.

படி 6: ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

ரத்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நம் ஊரில் உண்ணியால் வரும் எர்லிக்கியா என்ற தொற்று சகஜம். அது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும், கண்ணுக்குள்ளேயே வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். கண் சிவந்த காரணமே அதுவாக இருந்து, கத்தி வைத்தபின் ரத்தம் நிற்காமல் போனால் என்ன ஆவது? சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை அளவுகளும் வேண்டும். தட்டை முக நாய் என்றால் மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல். மூச்சுக்குழாய் பொருத்துவார்களா, மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று தாளில் எழுதி வாங்குங்கள். வழக்கமாக முந்தைய இரவுச் சாப்பாட்டோடு சரி. செலவைக் கேட்கும்போது ஆபரேஷனோடு மருந்து, மறுபரிசோதனை, தேவைப்பட்டால் இரண்டாம் ஆபரேஷன் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

கோன் காலரை நான்கு நாள் முன்பே வாங்கிப் பழக்குங்கள். உருண்டைக்கு அதில் சப்பாத்தித் துண்டு போட்டுப் பழக்கினோம், பிறகு அதைத் தட்டு என்றே நினைத்துக்கொண்டாள்.

படி 7: பதினான்கு நாள்

ஆபரேஷனைக் கெடுப்பது பெரும்பாலும் நாயின் முன்னங்கால்தான். காலர் மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். தூங்கும்போதும் கழற்றாதீர்கள். "பாவம், ஐந்து நிமிஷம்" என்று கழற்றிய ஐந்து நிமிடத்தில் தையல் போனதை என் சிநேகிதி வீட்டில் பார்த்தேன்.

கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள். கழுத்து இறுகினால் கண் அழுத்தம் ஏறும். மார்புப்பட்டை போடுங்கள். குளியல், நீச்சல், மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு எதுவும் வேண்டாம்.

மருந்து விடும்போது எதிரே நிற்காதீர்கள், பாட்டில் வருவதைப் பார்த்தால் ஓடும். நாயை உங்கள் முழங்கால்களுக்கு நடுவில், முதுகு உங்கள் பக்கமாக உட்கார வையுங்கள். இடது கையால் தாடையை மேலே தூக்குங்கள். பாட்டில் பிடித்த வலது கையின் அடிப்பகுதி நெற்றியில் ஊன்றியபடி மேல் இமையைத் தூக்கட்டும், பின்னாலிருந்து ஒரு சொட்டு. நாய் தலையை ஆட்டினாலும் கை சேர்ந்து ஆடும், பாட்டில் முனை விழியில் குத்தாது. தைத்த இமையைக் கீழே இழுக்காதீர்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பு கடைசியில். பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் சொட்டு விட்டபின் நாய் வாயில் நுரை தள்ளினால் பதறாதீர்கள், அந்தக் கசப்பு மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் ஒரு துண்டு கோழி. நான்காம் நாளிலிருந்து பாட்டில் சத்தம் கேட்டாலே உருண்டை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் இரண்டு மூன்று நாள் இமை வீங்கி, கோணலாக, தப்பாகத் தைத்துவிட்ட மாதிரித்தான் இருக்கும். வீக்கம் வடிந்தபின்தான் உண்மை உருவம் தெரியும். ஆனால் நாய் கண்ணை முன்பைவிட அதிகமாக இடுக்கினாலோ, பச்சைப் பீளை வந்தாலோ, நூல் முனை விழிப் பக்கம் திரும்பியிருந்தாலோ, ரத்தம் சொட்டினாலோ அன்றே போன் செய்யுங்கள்.

தோல் தையலைப் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிரிப்பார்கள். உருண்டைக்குப் பன்னிரண்டாம் நாள். மயக்கம் தேவைப்படவில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், டாக்டர் சிறிய கத்தரியால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்து ஈரப் பஞ்சில் வைத்தார். இடதில் ஆறு, வலதில் ஏழு. பிறகு மறுபடி அந்த ஆரஞ்சுச் சாயம், மறுபடி நீல விளக்கு. நான் குனிந்து பார்த்தேன். பச்சை எங்கும் இல்லை. கீழ் இமையில் அந்தக் கறுப்புக் கோடு, மை தீட்டிய மாதிரி, முழுசாகத் தெரிந்தது.